ஐந்து லட்சத்துக்குள் மினி டிராக்டரும் கருவிகளும் வாங்க முடியுமா?

ஐந்து ஏக்கர், பாதி தென்னை, மீதி மக்காச்சோளமும் காய்கறியும், கையில் ஐந்து லட்சம், இதில் மினி டிராக்டரும் கருவிகளும் வாங்க முடியுமா, எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் புது வண்டிதான் வேண்டும் என்று நின்றால் முடியாது, ஏனென்றால் 24 எச்பி 4 வீல் டிரைவ் புது வண்டிக்கே ஐந்தரை லட்சத்தை ஒட்டி வந்துவிடும், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். வண்டி மட்டும் வந்து நின்று பிரயோசனமில்லை, பின்னால் மாட்டுவதற்கு ஏதாவது வேண்டும்.

நான் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆறு ஏக்கர் பார்க்கிறேன், மூன்றரை ஏக்கர் தென்னை, மற்றதில் மக்காச்சோளம், தக்காளி, சில வருடம் சின்ன வெங்காயம். 2021-ல் ஒரு பழைய 24 எச்பி வண்டியை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் சரியாகச் செய்ததும் தவறாகச் செய்ததும் இரண்டும் இருக்கிறது, இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு வண்டி தேவையா என்று பாருங்கள். வாங்குவதற்கு முந்தைய வருடம் முழுக்க வாடகை வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 58 மணி நேரம் வந்தது. அப்போது எங்கள் பக்கம் மண்ணைச் சுழற்றிப் பொடியாக்கும் ரோட்டவேட்டருக்கு மணிக்கு ஆயிரம் ரூபாய், ஆக வருடத்துக்கு 58,000. சொந்த வண்டி என்றால் வண்டி, கருவி எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் போட்டதற்கு ஒன்பது சதவீத வட்டியே நாற்பதாயிரத்துக்கு மேல், டீசல் மணிக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால் பதினாறாயிரம், ஆயில், சர்வீஸ் ஒரு பத்தாயிரம். கூட்டிப் பார்த்தால் வாடகைதான் மலிவு. வண்டி பழசாகி விலை இறங்குவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அப்புறம் ஏன் வாங்கினேன் என்றால், எங்களுக்கு பிஏபி வாய்க்கால் பாசனம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் நான்கு மண்டலம், ஒரு மண்டலத்துக்கு முறை வருவதே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. தண்ணீர் விட்ட வாரத்தில் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு தடவை நான் ஒன்பது நாள் காத்திருந்தேன், வண்டி வந்தபோது மண்ணில் பதம் போய்விட்டது, கட்டி கட்டியாகத்தான் உடைந்தது, அதில் விதைத்த மக்காச்சோளம் பொக்கு விட்டு முளைத்தது. ஒன்றரை ஏக்கரில் அன்றைக்குப் போனது நோட்டுக் கணக்கில் எங்கேயும் வராது. இப்போது நினைத்த நாளில் வண்டியை இறக்குகிறேன், வருடத்துக்கு 150 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஓட்டுவதும் சேர்த்தி. உங்களுக்கு கிணற்றுப் பாசனம், எந்த நாளில் உழுதாலும் சரி என்றால், வருடத்துக்கு நாற்பது மணி நேரம்தான் வேலை என்றால், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேளாண்மைப் பொறியியல் துறையே இ-வாடகை என்ற ஆன்லைன் சேவை வழியாக டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு விடுகிறது, முன்பதிவு செய்துகொண்டால் வெளி வாடகையை விடக் குறைவு.

சரி, வாங்குவதுதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். பெரும்பாலான பேர் முதலில் வண்டியைப் பிடிக்கிறார்கள், கையில் மிஞ்சியதில் ஏதோ ஒரு கருவியை மாட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். உங்கள் வேலையிலிருந்து ஆரம்பியுங்கள், அந்த வேலைக்கு என்ன கருவி, அந்தக் கருவியை இழுக்க என்ன வண்டி, இந்த வரிசையில் வாருங்கள்.

நான் செய்த தவறு இது. என் மச்சான் பெரிய வண்டிக்கு மாறியபோது அவருடைய ஐந்து அடி ரோட்டவேட்டரை முப்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்றார். புதுசு வாங்கினால் எண்பதாயிரத்துக்கு மேல் ஆகுமே என்று ஆசையாக எடுத்து மாட்டினேன். மேல் மண்ணில் லேசாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. மக்காச்சோளத் தட்டு இருந்த காட்டில் இறக்கியதும் எஞ்சின் அமுங்கி அமுங்கி நின்றது, ஆழத்தைக் குறைத்து, கியரைக் குறைத்து, ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் ஆக வேண்டியது மூன்று மணி நேரம் ஆனது. ஒரு சீசனில் கிளட்ச் தேய்ந்து 18,000 ரூபாய் செலவு. கடைசியில் அதை விற்றுவிட்டு நாலு அடி ரோட்டவேட்டர் புதுசாக வாங்கினேன்.

எஞ்சின் 24 எச்பி என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். ரோட்டவேட்டரைச் சுற்றுவது பிடிஓ, அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கிற தண்டு. ஒரே 24 எச்பி வண்டிகளிலேயே ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் பிடிஓ எச்பி சில புள்ளிகள் வித்தியாசப்படும், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கருவியைத் தூக்குகிற ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும் என்பதையும் கேளுங்கள், இந்த வகையில் மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா பி2441 இரண்டுமே 750 கிலோ. அகலத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு, பின் டயர்களின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் டேப் வைத்து அளந்து, ரோட்டவேட்டர் அதைவிடக் கொஞ்சம் மட்டும் அகலமாக இருக்கும்படி பார்த்தால் டயர் தடம் மூடிவிடும், வண்டிக்கும் பாரம் ஏறாது. மினி வண்டிகளுக்குப் பெரும்பாலும் நாலு அடிதான் சரியாக வரும்.

இரண்டாவது கருவி ஐந்து கொத்துக் கலப்பை. இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, இருபதாயிரத்தை ஒட்டி முடிந்துவிடும், பழசு பாதி விலைக்கும் கிடைக்கும், கொழு தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், சட்டம் வளையாமல் இருந்தால் போதும். ரோட்டவேட்டர் மட்டுமே வைத்து வருடா வருடம் ஒரே ஆழத்தில் அடித்துக்கொண்டிருந்தால் கீழே மண் இறுகித் தட்டுக் கட்டிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது. முதலில் கலப்பை, பிறகு ஒரு ஓட்டு ரோட்டவேட்டர் என்று வைத்தால் டீசலும் மிச்சம், பிளேடும் தாங்கும். தென்னைக்குள் ஓட்டும்போது இன்னும் ஒன்று கவனியுங்கள், மரத்தின் உயிருள்ள வேர் பெரும்பாலும் தண்டைச் சுற்றி ஆறு அடிக்குள்தான் இருக்கிறது, அந்த வட்டத்துக்குள் ரோட்டவேட்டரை இறக்காதீர்கள். களை தெரிகிறது என்று மாதம் ஒரு தடவை மரத்தடி வரை அடிக்கிற தோட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, குரும்பை (இளங்காய்) கொட்டுகிறது என்று மருந்து தேடி அலைகிறார்கள்.

டிரெய்லரை முதல் வருடம் வாங்காதீர்கள். தனியாகப் பதிவு வேண்டும், விலையும் ஒரு லட்சத்தை ஒட்டி, மினி வண்டிக்கு எடை குறைவு என்பதால் பாரம் ஏற்றி மேட்டில் போனால் முன்பக்கம் தூக்கும், இறக்கத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ளும். எரு அடிக்க வருடத்தில் நாலு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தென்னை மட்டை அரைக்கும் கருவியும் அப்படித்தான், அதற்குப் பெரிய வண்டி வேண்டும். பார் போட வேண்டுமென்றால் பார் கலப்பையை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பழைய வண்டி பார்ப்பது. காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள், வருகிறேன் என்று நேரம் சொல்லாதீர்கள். போனதும் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி எடுக்கிறது என்பதில்தான் பம்ப், நாசில், கம்ப்ரஷன் எல்லாம் தெரியும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பாரம் கொடுக்கும்போது கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டராகவும் இருக்கலாம், அது சின்ன விஷயம். எஞ்சின் உள்காற்று வெளியேறுகிற பிரீதர் குழாயில் புஸ் புஸ் என்று காற்று தள்ளினால் ரிங், லைனர் வேலை வருகிறது, அதற்கு மட்டுமே முப்பது நாற்பதாயிரம் குறைத்துக் கேளுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

மீட்டரில் எத்தனை மணி நேரம் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். 900 மணி நேரம் காட்டுகிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழ என்று தேய்ந்து, பின்னால் லிங்க் பின் போடுகிற ஓட்டைகள் நீள்வட்டமாகியிருந்தால் அது 900 இல்லை. ஒரு ரோட்டவேட்டரை மாட்டச் சொல்லி, முழுக்கத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அதற்குள் கருவி தரைக்கு இறங்கிவிட்டால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. 4 வீல் டிரைவ் வண்டியில் முன் அச்சின் இரண்டு முனையிலும் ஆயில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், உழவுக் காட்டில் 4 வீல் போட்டு முழுக்கத் திருப்பினால் கட கட என்று சத்தம் வரக் கூடாது. நான்கு டயரும் கம்பெனி சொன்ன அளவுதானா என்று டயர் மேலேயே படியுங்கள். பின்னால் மட்டும் அளவு மாற்றிப் போட்டிருந்தால் முன் பின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாமல் கியர் தேயும். தார் ரோட்டில் 4 வீல் போட்டே ஓட்டிய வண்டிக்கும் இதே கதிதான்.

பேப்பர் விஷயத்தில் நான் பட்டது போல நீங்கள் படக் கூடாது. ஆர்சி புக்கில் கடன் கொடுத்தவர் பெயர் இன்னும் இருந்தது, கடன் முடிந்துவிட்டது, என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) அடுத்த வாரம் என்று விற்ற வியாபாரி சொன்னதை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தேன். அந்த அடுத்த வாரம் வர ஏழு மாதம் ஆனது, அதுவரை என் பெயருக்கு மாற்ற முடியவில்லை, அந்த ஏழு மாதமும் ரோட்டில் எடுக்கும்போதெல்லாம் பயம்தான். என்ஓசியும், ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வந்த பிறகு மட்டும் பாக்கியைக் கொடுங்கள். சேசிஸ் நம்பரை நீங்களே துடைத்துப் படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை பேசும்போது ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, உழவுக் கருவிகளுக்கும் அப்படியே. ஆறு லட்சத்துக்கு விற்ற புது வண்டியில் இதனால் மட்டும் 37,500 ரூபாய் குறைகிறது. ஆனால் பழைய வண்டி விற்கிறவர்கள் பலர் இன்னும் பழைய புது விலையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். அதே மாடலின் இன்றைய புது விலையை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள்.

மானியத்தை வண்டிக்கு எதிர்பார்ப்பதை விடக் கருவிக்கு வாங்குவது நல்லது என்பது என் அனுபவம், என் நாலு அடி ரோட்டவேட்டர் மானியத்தில் வந்ததுதான். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம், சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், உச்ச வரம்பும் உண்டு. ஐந்து ஏக்கர் என்றால் சிறு விவசாயி கணக்கில் வந்துவிடுவீர்கள், தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கி வையுங்கள், நிலம் உங்கள் அம்மா பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே போடுங்கள். அரசின் உழவன் செயலியில் பதிவு செய்து, அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லைக் கொண்டுபோனால் கிடைக்காது. பழைய கருவிக்கும் கிடையாது.

எந்தக் கம்பெனி என்று கேட்டால், மஹிந்திரா, குபோட்டா, விஎஸ்டி, ஸ்வராஜ், சோனாலிகா எல்லாவற்றிலும் எங்கள் பக்கம் நன்றாக ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் எந்த வண்டிக்கு மெக்கானிக்கும் பாகமும் இருக்கிறதோ அதை வாங்குங்கள். தண்ணீர் விட்ட வாரத்தில் ஒரு சீலுக்காகக் கோயம்புத்தூர் போய் வர நேரம் இருக்காது.

உங்கள் ஐந்து லட்சத்தை நான் பிரிப்பதென்றால், வண்டிக்கு அதிகபட்சம் 3,40,000, பெயர் மாற்றம், இன்சூரன்ஸுக்கு 20,000, மானியத்தில் நாலு அடி ரோட்டவேட்டருக்கு 50,000, பழைய ஐந்து கொத்துக் கலப்பைக்கு 12,000. இதோடு 4,22,000. மீதி 78,000-ஐத் தொடாதீர்கள். பழைய வண்டி முதல் ஆறு மாதத்தில் ஏதாவது கேட்கும், எனக்கு பேட்டரி, முன் அச்சு சீல், ஆயில், ஃபில்டர் என்று 31,000 கேட்டது. அந்தப் பணத்தில் முதல் வேலையாக பிடிஓ ஷாஃப்டுக்குப் பிளாஸ்டிக் கவர் வாங்கிப் போடுங்கள். பழைய ரோட்டவேட்டர்களில் அது பெரும்பாலும் உடைந்து போயிருக்கும், யாரும் மாற்றுவதில்லை. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, துண்டோ சேலை முந்தானையோ பட்டால் கை எடுக்க நேரம் கிடைக்காது. வண்டி ஓடும்போது குழந்தைகளை மட்கார்டில் உட்கார வைக்கவே கூடாது, எவ்வளவு அடம் பிடித்தாலும்.