இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கும் தளத்தில் கிரெடிட் கார்டு எண்ணைத் தைரியமாகக் கொடுக்கலாமா?

அதை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பது உண்மையான கடையா என்று அது சொல்லாது. போலித் தளங்களும் அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை இலவசமாகவே வாங்கிவிடுகின்றன. தளத்தின் பெயரைக் கடைசியிலிருந்து பாருங்கள்: 'கடைபெயர்.சலுகை.காம்' என்றிருந்தால் அது 'சலுகை.காம்' வைத்திருப்பவருடைய தளம், அந்தக் கடையுடையது அல்ல.

ஓடிபி வந்ததும் எண்ணை மட்டும் பார்த்துத் தட்டிவிடாமல், அதே செய்தியில் இருக்கும் தொகையையும் கடைப் பெயரையும் படியுங்கள். ரீஃபண்ட் தர ஓடிபி தேவையே இல்லை, கேட்டால் மோசடிதான்.

சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும். ஆகவே வங்கி ஆப்பில் வசதி இருந்தால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து, ஆன்லைன் வரம்பையும் குறைத்து வையுங்கள்.

தெரியாத சிறு தொகை கழிந்திருந்தால் அலட்சியம் வேண்டாம். திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று இப்படித்தான் சோதிப்பார்கள். உடனே கார்டை முடக்கிவிட்டு வங்கியில் புகார் கொடுத்து, புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.