நானோபடிக கோரின் கோயர்சிவிட்டி ஏன் ஏறுகிறது

நாடாவைச் சூடாக்கிப் பதப்படுத்தியபோது (அனீலிங்), அதன் சிறு துண்டின் கோயர்சிவிட்டி (காந்தத்தன்மையை நீக்கத் தேவையான எதிர்க்காந்தப்புலம்) 550 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்தில் 1 ஆம்பியர்/மீட்டருக்குக் கீழே வந்துவிட்டது, அதே நாடாவைச் சுற்றிச் செய்து கூடவே வைத்த டொராய்டு கோர் (வளைய வடிவக் காந்த உள்ளகம்) மட்டும் 40 காட்டுகிறது என்கிறீர்கள். கலவையில் (அணு சதவீதத்தில் இரும்பு 73.5, சிலிக்கான் 13.5, போரான் 9, நையோபியம் 3, செம்பு 1) குறையில்லை, துண்டே அதற்குச் சாட்சி. கோர் உள்ளுக்குள் தானாகச் சூடேறியிருக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

அமார்ஃபஸ் (படிக அமைப்பற்ற) உலோகம் படிகமாகும்போது வெப்பத்தை வெளிவிடும். தனி நாடா அதை உடனே இழந்துவிடும். இறுகச் சுற்றிய கோரால் முடியாது. நடுப்பகுதி 600ஐத் தாண்டினால் இரும்பு போரைடு பிரியும். அது டொமைன் சுவர்களை (காந்தப் பகுதிகளுக்கு இடையிலான எல்லைகளை) நகரவிடாது. படிகத்துகள்களும் 10-15 நானோமீட்டரில் நிற்காமல் பெரிதாகும். கோயர்சிவிட்டி துகள் அளவின் 6ஆம் அடுக்கில் ஏறுவதால், அளவு இரட்டித்தாலே 64 மடங்கு!

தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) அடுப்புச் சுவரில் வைக்காதீர்கள், கோரின் சுற்றுகளுக்கு நடுவே செருகுங்கள். நைட்ரஜனில் 470 வரை ஏற்றி, கோர் முழுவதும் சமமாகும்வரை நிறுத்துங்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். கோர் அடுப்பை முந்தத் தொடங்கினால் ஏற்றத்தை உடனே நிறுத்துங்கள்.

கெட்டுப்போன கோரை மறுபடி சூடாக்கிச் சரிசெய்ய முடியாது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு (டிஃப்ராக்‌ஷன்) சோதனையில் போரைடு கோடுகள் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். நல்ல கோரும் அனீலிங்குக்குப் பின் கண்ணாடிபோல் நொறுங்கும். பிளாஸ்டிக் உறையில் தளர்வாக வைத்துவிட்டே கம்பி சுற்றுங்கள்.