பட்டறைப் பதில்கள்: ரிமோட் காருக்கு எந்தச் சார்ஜர்?

தலவாக்கலையில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடை வைத்து 31 வருடங்கள் ஆகின்றன. முன்பு மேசை நிறைய ரேடியோப் பெட்டிகள் இருக்கும். இப்போது பையன்கள் ரிமோட் கார்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் அவற்றின் பற்றரி, சார்ஜர் பற்றியவைதான். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிடுகிறேன்.

உயர்தரம் படிக்கிறேன். ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியைப் பார்த்ததிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது. சேர்த்துவைத்த காசில் பழைய ரிமோட் கார் ஒன்றை வாங்கினேன். பற்றரி இரண்டு கிடைத்தன. ஒன்றில் 7.2 வோல்ட், 3000 என்றும் மற்றதில் 7.4 வோல்ட், 5000, 2எஸ், 50சி என்றும் இருக்கிறது. சார்ஜர் இல்லை. 10 அம்பியர் சார்ஜர்தான் நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?
– மாணவர், நுவரெலியா

தம்பி, அந்த இரண்டு பற்றரிகளைப் பற்றிய வரியை நான் மூன்று முறை வாசித்தேன். 7.2, 7.4 என்று எண்கள் ஒட்டி ஒட்டி இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். இல்லை. முதலாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட். 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்தது. மற்றது லித்தியம் பொலிமர், நீங்கள் லைப்போ என்று சொல்வது. 3.7 வோல்ட் செல்கள் இரண்டு. 2எஸ் என்றால் இரண்டு செல் வரிசையாக இருக்கிறது என்று பொருள்.

இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும் முறை வேறு. நிக்கல் பற்றரி நிறைந்ததும் அதன் வோல்ட் ஒரு மயிரிழை கீழே இறங்கும். செல்லுக்குச் சில மில்லிவோல்ட்தான். அந்த இறக்கத்தைக் கண்டுபிடித்துச் சார்ஜர் நின்றுவிடும். லைப்போவில் அப்படி இறக்கமே வராது. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜர் அந்த வோல்ட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் குறைத்து முடிக்க வேண்டும். லைப்போவை நிக்கல் முறையில் போட்டுவிட்டால், வராத இறக்கத்துக்காகச் சார்ஜர் காத்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பற்றரி வீங்கித் தீப்பிடிப்பது இப்படித்தான். ஆகவே உங்கள் சார்ஜரில் இரண்டு வகைக்கும் தனித்தனித் தெரிவு இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்துமுன் திரையில் என்ன வகை காட்டுகிறது என்று வாய்விட்டு வாசியுங்கள். என் கடையில் வேலை பழகும் பையனுக்கும் இதையே சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்தது, லைப்போவிலிருந்து வரும் வெள்ளை நிறச் சின்னப் பிளக். தடித்த சிவப்பு, கறுப்பு வயர்களைத் தவிர மூன்று மெல்லிய வயர்கள் அதில் வருகின்றன அல்லவா? அது எதற்கென்று தெரியாமல் பலர் டேப் சுற்றி ஒதுக்கிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பிள்ளை வீங்கிய பற்றரி ஒன்றைக் கொண்டுவந்தார். தடித்த வயர்கள் மட்டும் உள்ள சார்ஜரில் இரண்டு மாதம் ஏற்றியிருக்கிறார். மீட்டர் வைத்துப் பார்த்தேன். மொத்தம் 8.40 வோல்ட். சரியான கணக்கு. பிறகு அந்த வெள்ளைப் பிளக்கில் மீட்டரின் முனைகளை வைத்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். ஒன்று 4.07, மற்றது 4.33. கூட்டினால் அதே 8.40தான். ஆனால் ஒரு செல் பட்டினி, மற்றது அளவுக்கு மீறி நிறைந்து உப்பிக் கிடக்கிறது. அந்தச் சின்னப் பிளக்கைப் பொருத்தும் வாய் உள்ள சார்ஜர் இரண்டு செல்லையும் தனித்தனியே பார்த்துச் சமப்படுத்தும். இந்த வாய் இல்லாத சார்ஜரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி 10 அம்பியர் விஷயம். லைப்போவை ஒரு மணி நேரக் கணக்கில் ஏற்றுவதே பாதுகாப்பு. பற்றரியில் உள்ள 5000 என்பது அது கொள்ளும் அளவு, மில்லியம்பியர் மணியில். ஒரு மணி நேரத்தில் அதை நிறைக்க 5 அம்பியர். 5 அம்பியரை 8.4 வோல்ட்டால் பெருக்குங்கள்: 42 வாட். ஆக 50 வாட் சார்ஜர் உங்களுக்குப் போதும். நாளைக்கு 3எஸ் பற்றரி வாங்க எண்ணம் இருந்தால், 12.6 வோல்ட், 5 அம்பியர், 63 வாட். அப்போது 80 வாட் வாங்குவது நல்லது. 50 வாட் சார்ஜரில் 3எஸ் போட்டாலும் கெட்டுவிடாது. அது தானாக 4 அம்பியருக்கு இறங்கிக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். பெட்டியில் 10 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் வாட் 50 என்றால் அந்த 10 உங்கள் பற்றரிக்குக் கிடைக்கப்போவதில்லை. அம்பியரைப் பார்க்குமுன் வாட்டைப் பாருங்கள்.

பற்றரியில் 50சி என்று போட்டிருப்பதைப் பார்த்து வேகமாக ஏற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கார் ஓடும்போது பற்றரி எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்ற அளவு. ஏற்றும் அளவு வேறு. சில பற்றரிகளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் 5 அம்பியரைத் தாண்டாதீர்கள். நிக்கல் பற்றரியை 1.5 முதல் 3 அம்பியருக்குள் ஏற்றுங்கள். மிகக் குறைத்து ஏற்றினால் நான் சொன்ன அந்த மயிரிழை இறக்கம் சார்ஜரின் கண்ணுக்குப் படாமல் போய்விடும்.

போலிச் சார்ஜர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கைஆர்சி நிறுவனத்தின் ஐமேக்ஸ் பி6 என்ற சின்ன நீலப் பெட்டி உலகெங்கும் பெயர் வாங்கியது. அதனாலேயே அதைப் போல அச்சாகச் செய்த போலிகளும் நிறைய. எட்டு வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். திரை 4.20 என்று காட்டும்போது செல்லில் உண்மையில் 4.27 இருந்தது. என் இரண்டு பற்றரிகள் போன பிறகுதான் மீட்டர் வைத்துப் பார்க்கத் தோன்றியது. நீங்கள் எதை வாங்கினாலும் முதல் சார்ஜ் முடிந்தவுடன் நல்ல மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது செல்களை அளந்து பாருங்கள். 0.02 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

இணைக்கும்போது வயரை முதலில் சார்ஜரில் செருகிவிட்டு, அதன் பிறகு பற்றரியைக் கொழுவுங்கள். மாற்றிச் செய்தால் பற்றரியோடு சேர்ந்த வயரின் மறுமுனையில் இரண்டு உலோக முனைகள் வெறுமையாகத் தொங்கும். ஒன்றோடொன்று தொட்டால் போதும், வயர் பழுத்துவிடும்.

ஒரு கிழமைக்கு மேல் காரை எடுக்கமாட்டீர்கள் என்றால் லைப்போவை நிறைத்துவைக்க வேண்டாம். சார்ஜரில் சேமிப்பு முறை என்று ஒன்று இருக்கும். அது செல்லை 3.8 வோல்ட்டில் நிறுத்தும். பரீட்சைக் காலத்தில் இது உங்களுக்கு உதவும்.

மகனுக்கு 13 வயது. அவனுடைய அப்பா கட்டாரிலிருந்து ரிமோட் கார் அனுப்பினார். இரவு எட்டு மணிக்குக் கட்டிலுக்கடியில் சார்ஜில் போடுவான். காலையில் ஐந்து மணிக்கு நான் எழுந்துதான் கழற்றுகிறேன். கையில் எடுத்தால் சுடுகிறது. அந்தக் கட்டிலில் என் மாமியாரும் மகனும் படுக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பொகவந்தலாவை

தங்கச்சி, நீங்கள் பயந்தது சரி. இன்றிரவே நிறுத்துங்கள்.

நீங்கள் எழுதி அனுப்பிய விபரப்படி பற்றரி 4.8 வோல்ட், 700. சார்ஜர் 250 மில்லியம்பியர். ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் 700ஐ 1.4ஆல் பெருக்கி 250ஆல் வகுத்தால் நாலு மணி நேரம் வரும். நாலு மணி நேர வேலைக்கு ஒன்பது மணி நேரம் கொடுக்கிறான் பிள்ளை. இந்த வகைச் சார்ஜருக்குத் தானாக நிற்கத் தெரியாது. நள்ளிரவுக்குப் பிறகு உள்ளே போகும் மின்சாரமெல்லாம் சூடாகத்தான் மாறுகிறது. சிவப்பு விளக்கு எரிவது கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே. நிறைந்துவிட்டது என்று அது சொல்லாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்று மணிக்குப் போடட்டும். போனில் அலாரம் வைத்து ஏழு மணிக்குக் கழற்றட்டும். இடையில் ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சூடு இருக்கலாம். உள்ளங்கையில் பிடித்திருக்க முடியாத சூடென்றால் உடனே கழற்ற வேண்டும்.

இடத்தையும் மாற்றுங்கள். லயத்துக் காம்பராவில் துணியும் மெத்தையும் விறகும் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை நான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே பார்த்தவன். இஸ்தோப்பில் சிமெந்துத் தரையில், ஒரு பழைய மண்சட்டிக்குள் பற்றரியை வைத்து ஏற்றட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். ஒரே பிளக் பொயின்ட்டில் தொலைக்காட்சி, போன், சார்ஜர் என்று மூன்றையும் ஆடுகிற மல்டி பிளக்கில் கொழுவ வேண்டாம். தளர்ந்த பின்னிலும் நெருப்பு பிறக்கும். பின்னேர இடி மின்னல் காலத்தில், மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், முழக்கம் கேட்டதும் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

மகனைத் திட்ட வேண்டாம். அப்பா அனுப்பிய சாமான் என்பதால்தான் அதைக் கட்டிலுக்கடியில் வைத்துக் காக்கிறான். இந்த நாலு மணி நேரக் கணக்கை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கனடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த காரின் சார்ஜரில் இரண்டு தட்டைப் பின்கள். அடப்டர் வாங்கி மாட்டலாமா?
– வாசகர், பண்டாரவளை

சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் மாட்டலாம். 120 என்று மட்டும் இருந்தால் மாட்டவே கூடாது. கனடாவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ட், நமக்கு வருவது 230. கடையில் விற்கும் சின்ன அடப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல.

ஜனவரி காலையில் கார் பாதி நேரம்கூட ஓடவில்லை. சார்ஜர் சரியாக ஏற்றவில்லையா?
– வாசகர், கந்தப்பளை

சார்ஜரில் குறையில்லை. உறைபனி விழுந்த காலையில் பற்றரிக்குள்ளே எல்லாம் மந்தமாகிவிடும், உள்தடை கூடும், கார் வேகமெடுக்கும்போது வோல்ட் சட்டென்று விழும், பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காரே நின்றுவிடும். பத்து மணி வெயில் ஏறியதும் அதே பற்றரியை ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அவசரமென்றால் வீட்டுக்குள் துவாயில் சுற்றி வைத்திருந்து எடுத்துப் போங்கள். அடுப்படியில் வைத்துச் சூடாக்க வேண்டாம்.

வெளியே குளிர்ந்து கிடந்த பற்றரியை வந்தவுடன் சார்ஜில் போடாதீர்கள். ஒரு மணி நேரம் அறைக்குள் கிடந்து ஈரம் காயட்டும். லித்தியம் பற்றரியை உறைநிலைக் குளிரில் ஏற்றினால் அது உள்ளேயே பழுதாகும், வெளியில் ஒன்றும் தெரியாது. பிளக்கின் பின்களில் பச்சை படிந்திருந்தால் அதையும் சுரண்டித் துடையுங்கள். நம் ஊர் மூடுபனியில் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

கரண்ட் போனால் பெரிய காரின் பற்றரியிலிருந்து ரிமோட் கார் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றலாமா?
– முச்சக்கர வண்டிச் சாரதி, ஹப்புத்தளை

ஏற்றலாம், அண்ணன். அதற்கென்றே 12 வோல்ட் வாய் வைத்த சார்ஜர்கள் இருக்கின்றன. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை போனபோது என் மேசையில் அப்படித்தான் வேலை நடந்தது. வாங்கும்போது வீட்டுக் கரண்டும் 12 வோல்ட்டும் இரண்டும் ஏற்கும் சார்ஜராகக் கேளுங்கள். 12 வோல்ட் மட்டும் ஏற்பவையும் உண்டு. அவற்றை வீட்டில் பயன்படுத்தத் தனியாக ஒரு பவர் சப்ளை வாங்க வேண்டிவரும்.

5000 அளவு 2எஸ் பற்றரி ஒன்றை நிறைக்கக் கார் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 4 அம்பியர் மணி போகும். 40 அம்பியர் மணிப் பற்றரியென்றால் நாலு தடவை ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். பாதிக்குக் கீழே இறக்கினால் அந்தப் பற்றரியின் ஆயுள் குறையும். உங்கள் பிழைப்பு ஓடும் வண்டியின் பற்றரியைத் தொடாதீர்கள். இதற்கென்று பழையது ஒன்றை ஒதுக்கிவையுங்கள்.

வீங்கிய லைப்போவை ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் சரியாகுமா?
– மாணவர், ஹட்டன்

வேண்டவே வேண்டாம், தம்பி. உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. அந்தப் பற்றரியைத் திரும்பச் சார்ஜில் போடவும் கூடாது, அடுப்பிலோ குப்பைக் கிடங்கிலோ எறியவும் கூடாது. முற்றத்தில் மணல் நிறைத்த சட்டிக்குள் வைத்து, பெரிய காரின் 12 வோல்ட் பல்பு ஒன்றை அதன் வயர்களில் கொழுவிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பல்பு மங்கி அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு வயர் முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி, மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அங்கே போக வழியில்லையென்றால் தலவாக்கலைக்கு வரும்போது என் கடையில் கொண்டுவந்து கொடுங்கள். வாசலில் அதற்கென்றே ஒரு மணல் வாளி வைத்திருக்கிறேன்.