கேள்வி – பதில்: மூடிய உருளைக்குள் எண்ணெய் குறைந்தால்

கேள்வி: கட்டடங்களிலும் பாலங்களிலும் அதிர்வைக் குறைக்கப் பொருத்தப்படும் எண்ணெய்த் தணிப்பானைத் திறந்து பார்க்காமலே, உள்ளே எண்ணெய் கசிந்துவிட்டதை அறிய முடியுமா? ஆய்வகச் சோதனை இதற்கு எவ்வகையில் உதவும்?

பதில்: அறிய முடியும், ஆனால் பழுதுபட்ட தணிப்பான் எப்படி இயங்கும் என்பதை முன்கூட்டியே ஆய்வகத்தில் பார்த்து வைத்திருக்க வேண்டும். உருளைக்குள் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும்; பிஸ்டன் நகரும்போது அது சிறு துளைகள் வழியே நெருக்கப்பட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. எதிர்ப்பு விசை திசைவேகத்தைப் பொறுத்தது. நேரியல் தணிப்பானில் வேகம் இருமடங்கானால் விசையும் இருமடங்காகும். விசை வேகத்தின் 0.3 அடுக்குக்கு (படிக்கு) நேர்விகிதத்தில் அமைந்த தணிப்பானிலோ வேகம் இருமடங்கானாலும் விசை ஏறத்தாழ 23 விழுக்காடுதான் கூடும். ஆகவே ஒரே வேகத்தில் சோதித்துவிட்டு முடிவு சொல்வது பயனற்றது.

ஆய்வகத்தில் ஹைட்ராலிக் இயந்திரத்தால் பிஸ்டனை முன்னும் பின்னும் இயக்கி, இடப்பெயர்ச்சியையும் விசையையும் வரைபடமாக்கினால் ஒரு மூடிய வளையம் கிடைக்கும். நேரியல் தணிப்பானுக்கு அது நீள்வட்டம். அடுக்கு குறையக் குறையச் செவ்வகத்தை நெருங்கும். வளையத்தின் பரப்பே ஒரு சுற்றில் உறிஞ்சப்பட்ட ஆற்றல். இனி, எண்ணெயில் ஒரு பகுதியை அளந்து வெளியேற்றிவிட்டு அதே இயக்கத்தைத் திரும்பச் செய்கிறார்கள். பிஸ்டன் திசை மாறியதும் முதலில் வெற்றிடத்தைக் கடக்க வேண்டியிருப்பதால், சிறிது தொலைவுக்கு விசை ஏறக்குறைய சுழியாகவே இருந்து, பிறகு சட்டென எழும். வளையத்தின் ஓரங்களில் பள்ளம் விழும்.

இங்கே ஏமாற இடமுண்டு. தொடர்ந்து இயக்கினால் எண்ணெய் சூடேறிப் பாகுநிலை (ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு) குறைவதாலும் விசை தளரலாம். ஆனால் அப்போது வளையம் வடிவம் மாறாமல் சுருங்கும், ஆறியதும் பழைய அளவுக்குத் திரும்பும். கசிவின் பள்ளம் ஆறினாலும் மறையாது. எனவே விசையின் உச்ச அளவை மட்டும் கண்காணிக்கும் முறையை நான் நம்பமாட்டேன். வெப்பநிலை உணரியும் உடன் இருந்தாக வேண்டும்.

கேள்வி: பொருத்திய பின் அவ்வளவு வேகமாக இயக்கிப் பார்க்க முடியாதே?

பதில்: முடியாது. அங்கே காற்றும் போக்குவரத்தும் தரும் சிற்றசைவுதான் கிடைக்கும். அந்த அளவில், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு வளையங்களின் உராய்வு எண்ணெயின் விசையை மறைத்துவிடக்கூடும். அதனால் ஆய்வகத்திலும் மிகச் சிறிய வீச்சில் தனியாகச் சோதிக்க வேண்டும். சில தணிப்பான்களுக்குச் சிற்றசைவே முதன்மைப் பணி: 2000 ஜூனில் திறந்து இரண்டே நாளில் மூடப்பட்ட லண்டன் மில்லேனியம் பாலத்தில் பின்னர் 37 எண்ணெய்த் தணிப்பான்கள் சேர்க்கப்பட்டது நிலநடுக்கத்துக்காக அன்று, மக்கள் நடந்ததால் எழுந்த சில சென்டிமீட்டர் பக்கவாட்டு ஆட்டத்துக்காகத்தான்.