லீவரை இழுத்தால் வாளி அசையவில்லை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நாலு, சின்னப் பெக்கோக்களின், அதாவது மண் தோண்டும் இயந்திரங்களின், ஹைட்ரோலிக் (ஒயில் பிரஷரால் அசைக்கும் அமைப்பு) பற்றியவை. நாலிலும் ஒரே பயம்தான்: பெரிய செலவு வந்துவிட்டதோ? பம்ப் மாற்றும் செலவு ஒரு மாத ஹயர் காசை அப்படியே விழுங்கிவிடும் என்பதால் நாலுக்கும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி (சுன்னாகம்): அண்ணை, ஜப்பானில் பாவித்து இங்கே வந்த மூன்று தொன் பெக்கோ ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு கிழமையாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஜொய்ஸ்ரிக் இரண்டும் வேலை செய்வதில்லை. இடது பக்கத்துப் பூட்டு லீவரை நாலைந்து தரம் ஏற்றி இறக்கினால் திடீரென்று உயிர் வரும். முந்தநாளில் இருந்து அதுவும் இல்லை. பூம் (உடலோடு பூட்டிய பெரிய கை), கை, வாளி, சுற்றுதல் எல்லாம் செத்துப்போய்க் கிடக்கின்றன. ஆனால் முன்னுக்குப் பின்னுக்கு ஓடுகிறது, மண் தள்ளும் பிளேட்டும் ஏறி இறங்குகிறது. கராஜில் மெயின் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் பம்ப் நல்லாக இருக்கிறது என்பதற்கான சாட்சியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்த அளவுப் பெக்கோக்கள் பலவற்றில் ஓட்ட லீவரும் பிளேட் லீவரும் இரும்புக் கம்பியால் நேரே கொன்ட்ரோல் வால்வின் ஸ்பூலை (உள்ளே நகர்ந்து ஒயிலின் வழியைத் திறந்து மூடும் துண்டு) இழுக்கும். ஜொய்ஸ்ரிக் அப்படியில்லை. அது பெரிய ஒயிலைத் தொடுவதே இல்லை, பைலட் என்ற சின்னப் பிரஷர் ஒயிலை அனுப்பி அந்த ஒயிலால் ஸ்பூலைத் தள்ள வைக்கும். மெயின் பிரஷர் 200 பாருக்கு (பார் என்பது பிரஷரின் அலகு) மேல் நிற்கும், பைலட்டோ 30 முதல் 40 பார் வரைதான். உங்களுக்கு ஓட்டம் இருக்கிறது, பிளேட் இருக்கிறது, ஜொய்ஸ்ரிக்கில் வரும் நாலும் மட்டும் ஒரே நேரத்தில் போயிருக்கின்றன. அப்படியானால் கோளாறு பைலட் பக்கம். (கால் விரிப்பைத் தூக்கி ஒருக்கால் பாருங்கள். ஓட்ட லீவரில் இருந்து கம்பி போனால் நான் சொன்னது சரி. மெல்லிய ஹோஸ் போனால் திரும்ப எழுதுங்கள், கணக்கு மாறும்.)

பூட்டு லீவரை ஆட்டினால் உயிர் வந்தது என்றீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. அந்த லீவருக்குக் கீழே ஒரு சின்ன சுவிச் இருக்கிறது. லீவரை இறக்கினால் சுவிச் பற்றி, ஒரு சொலனோயிட் வால்வுக்குக் கரண்ட் போய், அது பைலட் ஒயிலுக்கு வழி திறக்கும். முதலில் பியூஸைப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணி, லீவரை ஏற்றி இறக்கி, சொலனோயிட் பக்கம் காதை வையுங்கள். 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி மீற்றர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ற் வராவிட்டால் சுவிச் அல்லது வயர். வந்தும் 'டிக்' இல்லையென்றால் கொயில் எரிந்திருக்கும் அல்லது வால்வு இறுகியிருக்கும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் பிளக் கால்கள் பச்சை பிடிப்பதும், நிற்பாட்டி வைத்த பெக்கோவில் எலி வயரைக் கடிப்பதும் நான் அடிக்கடி காணும் விஷயங்கள். கரண்டும் 'டிக்'கும் இரண்டுமே சரியாக இருந்து வேலை மட்டும் இல்லையென்றால்தான் பைலட் பில்ரரையும் பைலட் பிரஷரையும் பார்க்க வேண்டி வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சுவிச்சை வெட்டிவிட்டு வயரை நேரே முடிந்து விடுகிறேன் என்று யாரும் சொன்னால் விடாதீர்கள். ஏறி இறங்கும்போது முழங்கை ஜொய்ஸ்ரிக்கில் பட்டு, பக்கத்தில் நிற்பவரின் மேல் பூம் போகாமல் காப்பது அந்தச் சுவிச்தான்.

கேள்வி (கோப்பாய்): கிணறு வெட்டும் வேலைக்குக் கல்லுடைக்கும் பிரேக்கர் போட்டு ஓடுகிறோம். காலையில் பெக்கோ நல்ல கெதி. பதினொரு மணி தாண்டினால் எல்லா வேலையும் மெதுவாகிறது, மத்தியானத்தில் பார்த்துக்கொண்டிருக்கவே முடியாது. பிரஷரைக் கூட்டினால் சரிவரும் என்கிறார் மெக்கானிக். கூட்டலாமா?

பதில்: கூட்ட விடாதீர்கள் ஐயா, தயவுசெய்து. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன், என் சொந்தப் பெக்கோவுக்கு இதே வருத்தம் வந்தது. அப்போது வந்து பார்த்த ஒருவர் மெயின் றிலீவ் வால்வின் ஸ்குருவை ஒன்றரைச் சுற்று இறுக்கிவிட்டுப் போனார். பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேகம் ஒரு துளியும் கூடவில்லை, மூன்றாம் நாள் பூம் ஹோஸ் வெடித்து வளவு முழுக்க ஒயில். கடைசியில் பார்த்தால் ஒயில் ராங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு வலையில் பழைய ஹோஸின் றபர்த் துகள் அடைத்துக் கிடந்தது. வலையைக் கழுவிப் போட்டதும் பெக்கோ பழையபடி ஓடியது. இறுக்கிய ஸ்குருவைக் கேஜ் வைத்துத் திரும்ப இறக்க இன்னும் ஒரு நாள் போனது.

மெதுவாக இருப்பது வேறு, பலமில்லாமல் இருப்பது வேறு. வேகத்தைத் தருவது நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஒயில் வருகிறது என்பது. பலத்தைத் தருவது பிரஷர். றிலீவ் வால்வு பிரஷர் எதுவரை ஏறலாம் என்று எல்லை போடுமே தவிர, ஒரு சொட்டு ஒயிலையும் கூட்டித் தராது. உங்கள் பெக்கோ மெதுவாகிறது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? மத்தியானம் மெதுவாகும் நேரத்தில் எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, வாளியை முழுக்க மடக்கி முட்டவிட்டு, இரண்டு மூன்று விநாடி மட்டும் லீவரைப் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கனத்து இறங்கினால் பிரஷர் இருக்கிறது. எஞ்சின் ஒன்றும் தெரியாதது போல ஓடினால் பிரஷர் எங்கோ தப்புகிறது.

சூடானதும் மெதுவாவதற்கு மலிவான காரணங்களை முதலில் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் புழுதி ஒயில் கூலரின் தகடுகளுக்குள் ஏறிக் களிமண் சுவர் மாதிரி இறுகிவிடும், அதைக் காற்றால் உள்ளிருந்து வெளியே ஊதி எடுக்க வேண்டும். உறிஞ்சு வலையையும், ஒயில் ராங்கிக்குத் திரும்பும் வழியில் உள்ள றிற்றேர்ன் பில்ரரையும் பாருங்கள். பம்ப் கீச்சிட்டுக் கத்தினால், ஒயில் நுரைத்தால், உறிஞ்சும் பக்கத்துக் கிளிப் ஒன்றால் காற்று இழுக்கிறது. ஒயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர், அநேகமாகக் கார்த்திகை மழையில் இறங்கியது. கையேட்டில் உள்ள தடிப்புக்குக் குறைவான ஒயில் விட்டாலும் சூட்டில் தண்ணீர் மாதிரி மெலிந்துவிடும். 46 என்று கேட்டிருக்கும் இடத்தில் 32 ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த எண், 40 பாகை சூட்டில் ஒயிலின் தடிப்பு.

இன்னொன்று பிரேக்கர். எங்கள் சுண்ணாம்புக் கல்லில் நாள் முழுக்க இடிப்பது வாளியால் மண் அள்ளுவதைவிட ஒயிலைப் பல மடங்கு வேகமாகச் சூடாக்கும், அழுக்காக்கும். பிரேக்கர் போட்டால் ஒயிலும் பில்ரரும் மாற்றும் மணித்தியாலக் கணக்கைக் குறைக்கும்படி கையேடுகளே சொல்கின்றன. மண் வேலைக் கணக்கில் மாற்றிக்கொண்டிருந்தீர்கள் என்றால் பில்ரரை வெட்டித் திறந்து பாருங்கள். மஞ்சள் உலோகப் பொடி மினுங்கினால் பம்போ மோட்டரோ உள்ளே தேய்கிறது. சூட்டில் ஒயில் மெலிய மெலிய அந்தத் தேய்ந்த இடைவெளியால் கசிவு கூடும், அப்போதுதான் பம்ப் கதை நியாயமாகும். அதையும் கேஜ் போட்டு உறுதி பண்ணுங்கள். ஜப்பான் கையேட்டில் எண் மெகா பாஸ்கலில் இருக்கும், 1 மெகா பாஸ்கல் என்றால் 10 பார், அல்லது 145 பிஎஸ்ஐ. இந்தக் கணக்கைக் குழப்பி பிரஷரைத் தவறாக வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (கொடிகாமம்): நேரே ஓட்டினால் பெக்கோ இடது பக்கம் இழுக்கிறது. இடது ட்ராக் சோம்பலாக இருக்கிறது. மோட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் இரண்டு ட்ராக்கும் ஒரே இறுக்கமா, உள்ளே கல்லோ பனை வேரோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் ஹோஸ்களை இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை இருக்கிறது, காசே செலவில்லை. கொன்ட்ரோல் வால்வில் இருந்து இடது ட்ராக்குக்குப் போகும் இரண்டு ஹோஸையும் வலது பக்கத்தின் இரண்டோடும் மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். இப்போது வலது ட்ராக் சோம்பினால் கோளாறு மேலே, வால்விலோ பம்பிலோ. இன்னும் இடதுதான் சோம்புகிறது என்றால் கீழே, நடு ஜொயின்ரிலோ (சுற்றும் மேல் உடலில் இருந்து கீழே ஒயிலைக் கடத்தும் இணைப்பு) ட்ராக் மோட்டரிலோ. அதே மாற்றத்தை நடு ஜொயின்ருக்குக் கீழே திரும்பச் செய்தால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். மாற்றியிருக்கும்போது இடது லீவர் வலது ட்ராக்கை ஓட்டும் என்பதை மறக்காமல், வெளியான இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். ஓடும்போது பிளேட் தானாக இறங்கினாலோ ஏறினாலோ நடு ஜொயின்ரின் சீலை முதலில் சந்தேகியுங்கள், ட்ராக்குக்கும் பிளேட்டுக்கும் போகும் எல்லா வழியும் அதற்குள்ளால்தான் போகின்றன.

ஹோஸ் கழற்றுமுன் வாளியையும் பிளேட்டையும் நிலத்தில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை ஓனில் விட்டு, எல்லா லீவரையும் எல்லாப் பக்கமும் ஆட்டி, ராங்கி மூடியை மெதுவாகத் தளர்த்திப் பிரஷரை விடுங்கள். கசிவு தேடும்போது கையால் தடவவே வேண்டாம், ஒரு காட்போட் துண்டைப் பிடியுங்கள். ஊசித் துளையால் வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் நுளம்புக் கடி அளவுதான் தெரியும், நோவும் முதலில் இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகி விரலோ கையோ போகலாம். அப்படி நடந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அந்த நிமிடமே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போய், பிரஷர் ஒயில் உள்ளே போயிருக்கிறது என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள்.

கேள்வி (ஊர்காவற்றுறை): இரவு பூமை உயர்த்தி விட்டால் விடியும்போது வாளி நிலத்தில். பூம் சிலிண்டரின் தண்டிலும் ஒயில் வடிகிறது. சீல் கிற் ஒன்று போட்டால் இரண்டும் சரிவருமா?

பதில்: இரண்டும் வேறு வேறு சீல். தண்டில் வடிவது வாய்ச் சீல். பூமைத் தாங்குவது பிஸ்ரனுக்குக் கீழே உள்ள ஒயில், அது தப்புவது பிஸ்ரன் சீலாலோ கொன்ட்ரோல் வால்வாலோ. ஸ்பூலுக்கும் வால்வுக்கும் இடையில் இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்பதால் ஒரு இரவில் கொஞ்சம் இறங்குவதை வருத்தமென்று எடுக்க முடியாது. ஒயில் சூடாக இருக்கும்போது பூமை உயர்த்தி, எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடத்தில் சிலிண்டர் எவ்வளவு உள்ளே போகிறது என்று ரேப் வைத்து அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. எப்படியும் இரவில் வாளியை நிலத்தில் வைத்துத்தான் விடவேண்டும், பிள்ளைகள் விளையாடும் வளவு என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

கிற் வாங்குமுன் தண்டைத் துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். தீவுப் பக்கத்து உப்பு, குரோம் பூச்சில் சின்னச் சின்னக் குழி போட்டிருக்கும். நகம் எங்காவது தட்டினால் புதுச் சீலையும் அந்தக் குழி வெட்டிவிடும், ஆகவே முதலில் தண்டைத் திருத்தக் கொடுங்கள், சீல் பிறகு.