ரிச்மண்ட் பூங்கா: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: லண்டன் ரிச்மண்ட் பூங்கா நிஜமாகவே வேட்டைக்காடாக இருந்ததா?

ஆமாம். 1625இல் லண்டனில் பிளேக் பரவியதும் முதலாம் சார்லஸ் மன்னர் ரிச்மண்ட் அரண்மனைக்கு வந்துவிட்டார். மான் வேட்டைக்காக அங்கே சுமார் 2,500 ஏக்கரை வளைத்து 1637இல் மதில் எழுப்பினார். வளைத்ததில் ஊர்ப் பொதுநிலமும் தனியார் வயல்களும் இருந்தன. சனங்கள் கொதித்துப் போனதால் நடந்துபோகவும் சுள்ளி பொறுக்கவும் உரிமையை விட்டுவைத்தார்.

கேள்வி: மான்களுக்கு ரொட்டி போடலாமா?

கூடாது. ஐம்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: பூங்காவில் இருக்கும் ஹென்றி மேட்டில் நின்றுதான் எட்டாம் ஹென்றி மன்னர், தன் மனைவி ஆன் போலினைக் கொன்றாயிற்று என்ற சைகையைப் பார்த்தாராமே?

வெறும் கதை. மேட்டிலிருந்து பத்து மைல் தள்ளியிருக்கும் செயின்ட் பால் தேவாலயம் தெரியும், அதைப் பாருங்கள்.

கேள்வி: பிற்பாடு மக்களுக்குத் திறந்துவிட்டது அரச குடும்பத்தின் பெருந்தன்மைதானே?

இல்லவே இல்லை! இரண்டாம் ஜார்ஜின் மகள் இளவரசி அமேலியா 1751இல் பூங்காவின் பொறுப்புக்கு வந்ததும், அனுமதிச் சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. ஜான் லூயிஸ் என்ற உள்ளூர் மதுவடிப்பாளர் வழக்குப் போட்டு 1758இல் ஜெயித்தார். கதவு வேண்டுமா, மதில் ஏறும் ஏணிப்படி வேண்டுமா என்று கேட்டார்கள். கதவென்றால் பூட்டிவிடலாம், மானும் வெளியே ஓடிவிடும், அதனால் படியைக் கேட்டார்.

கேள்வி: பாவம் இளவரசி, மானைக் காக்கத்தானே பார்த்தார்? ஏன் இந்தக் கோபம்?

மானைக் காப்பவர் படிகளை ஏன் எட்டாத இடைவெளியில் வைக்கச் செய்ய வேண்டும்? கிழவர்களும் குழந்தைகளும் ஏற முடியவில்லை, லூயிஸ் மறுபடி நீதிமன்றம் போய்த்தான் சரிசெய்ய வைத்தார். இன்று நாம் சீட்டு இல்லாமல் நடக்கிறோம் என்றால் அந்த மனிதரால்தான். அவர் பெயரை மறக்காதீர்கள்.

கேள்வி: இப்போதும் வேட்டை உண்டா?

பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. ஆனால் அறுநூறுக்கும் மேற்பட்ட மான்கள், அடித்துத் தின்ன ஓநாயும் இல்லை, மதிலுக்குள் புல்லும் அளவுதான். அதனால் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சிலவற்றைச் சுட்டுக் குறைக்கிறார்கள். கேட்கக் கஷ்டம்தான், பட்டினி அதைவிடக் கொடுமை.

கேள்வி: குட்டி மானோடு செல்ஃபி?

மேலேயே சொல்லிவிட்டேன், ஐம்பது மீட்டர். மே முதல் ஜூலை வரை குட்டி ஈனும் காலம், தாய் மான் பாயும். செப்டம்பர், அக்டோபரில் கிடா மான்கள் முட்டிக்கொள்ளும், அப்போதும் கிட்டே போகாதீர்கள்.