ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் கதை வேறொருவருக்குச் சொந்தமாகிவிடுமா?

ஏற்காட்டைக் களமாகக் கொண்டு தாம் இணையத்தில் எழுதிய தொடர்கதையை மற்றொருவர் கொடைக்கானலுக்கு மாற்றித் தம் பெயரில் வெளியிட்டிருப்பது திருட்டாகுமா எனச் சேலத்து வாசகர் கேட்டிருக்கிறார்.

காப்பித் தோட்ட மேலாளரின் மகள் ஊரைவிட்டு ஓடுகிறாள் என்னும் கருவுக்கு யாரும் உரிமை கோர இயலாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்பது கருவை அன்று, அது எழுத்தில் பெற்ற வடிவத்தையே என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் தெளிவுபடுத்தியது. ஆனால் காட்சி வரிசையும் உரையாடலும், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியைப் பற்றிய வரியும் அப்படியே நிற்குமானால் அது நகல்தான். (ஏற்காட்டின் மே மாதத்துச் சேர்வராயன் கோயில் திருவிழாவைக் கொடைக்கானலிலேயே நடத்திவிடும் அளவுக்குக் கவனக்குறைவானவர்களும் உண்டு, அதைவிட நல்ல சான்று கிடைக்காது.)

எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுவதால் பதிவுச் சான்றிதழ் கட்டாயமில்லை. பதிப்புரிமையை விற்ற பின்னும், படைப்பைத் தம்முடையது எனக் கோரும் உரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியருக்கே விட்டுவைக்கிறது. முதலில் வெளியிட்ட தேதி தெரியும் பக்கப் படங்களையும் பழைய வரைவுகளையும் இணைத்து, ஒத்த பத்திகளை அருகருகே காட்டி, நகல் வெளியான தளத்தின் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள்.